பலி கேட்கும் தெய்வமும் பலியான தெய்வமும்

மனிதன் தெய்வத்தை நினைத்த நாள் முதலாக அதற்கு ஏதேனும் ஒன்றைக் கொடுத்தே வந்திருக்கிறான். விளைச்சலின் முதற்கதிரைக் கொடுத்தான். ஆட்டையும் மாட்டையும் கொடுத்தான். சில நாடுகளில் தான் பெற்ற மகவையே கொடுத்தான். மழை பொய்த்தாலும் கொள்ளைநோய் பரவினாலும் தெய்வம் சினந்தது என்றும், குருதி கண்டாலன்றி அச்சினம் தணியாது என்றும் எண்ணினான். நம் தோட்டங்களின் ஓரத்தில் நிற்கும் முனியாண்டி கோயில்களில் ஆடும் கோழியும் வெட்டப்படுவதற்கு வேராயுள்ள எண்ணமும் இதுவே. இவ்வழக்கத்தைச் சீர்திருத்தக்காரர் நெடுங்காலமாகக் கண்டித்து வருகின்றனர். கண்டிப்போரைப் பார்த்துச் சிலர், "கிறிஸ்தவ சமயமும் ஒரு குருதிப்பலியின் மேல் எழுந்ததுதானே? அதனை மட்டும் அன்பு என்பது எங்ஙனம்?" என்று கேட்பதுண்டு. அக்கேள்வி நியாயமானது. அதற்குச் சரித்திரமே விடை பகரும்.

விடை காணுமுன் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். பலி என்பதற்கு மூன்று உறுப்புக்கள் உள. அவை கொடுப்பவன், கொடுக்கப்படுவது, பெற்றுக்கொள்பவன் என்பன. பழைய பலியில் கொடுப்பவன் மனிதன், கொடுக்கப்படுவது வாயற்ற உயிர், பெறுபவன் தெய்வம். கிறிஸ்தவ சமயத்தின் மூலக் கொள்கையோ இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றுகின்றது. அங்கே கொடுப்பவன் தெய்வம், கொடுக்கப்படுவது அத்தெய்வத்தின் உயிரே, பெறுபவன் மனிதன். மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்காகத் தன்னைத் தருதலே அவர்கள் கூறும் தெய்விக அன்பின் இயல்பாகும். இவ்வரிசை நேராக நின்றபோது அச்சமயத்தார் என்ன செய்தனர், அது புரண்டபோது என்ன நேர்ந்தது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். எச்சமயத்தையும் பரப்புவதோ பழிப்பதோ நம் நோக்கமன்று.

அடிமையின் மரணம்

இன்று பொன்னிலும் வெள்ளியிலும் செய்து கழுத்தில் அணியப்படும் சிலுவை, உரோமப் பேரரசில் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய கொலைக்கருவியாயிருந்தது. உரோமக் குடியுரிமை பெற்றவரை அதில் அறைவது வழக்கமன்று. அச்சொல்கூட ஓர் உரோமனின் செவியில் விழலாகாது என்று சிசரோ என்னும் நாவலர் கி.மு. 63இல் ஒரு வழக்கிற் பேசினார். ஸ்பார்ட்டக்கஸ் என்பவன் தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சி கி.மு. 71இல் அடக்கப்பட்டபோது, பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவா நகர் தொடங்கி உரோமாபுரி வரை சாலை நெடுகிலும் சிலுவைகளில் அறைந்து தொங்கவிட்டனர். கொல்வது மட்டும் அதன் நோக்கமன்று. அவ்வழியே செல்லும் அடிமை ஒவ்வொருவனும் கண்டு அஞ்சவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நாசரேத்தூர் இயேசுவும், கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட பொந்தியு பிலாத்து என்னும் அதிகாரியின் ஆணையால் இத்தண்டனைக்கே ஆளானார். அவரைப் பின்பற்றாத உரோம சரித்திராசிரியர் டாசிட்டஸும் இச்செய்தியைக் குறித்திருக்கிறார். இத்தகைய சாவு ஓர் இயக்கத்தை அடியோடு அழித்துவிடும் என்றே யாரும் நினைப்பர். ஆனால் அவருடைய சீடரோ, அடிமையின் சாவை ஏற்றவரிடமே தெய்வத்தின் உண்மை முகத்தைக் கண்டோம் என்றனர். அப்போஸ்தலராகிய பவுல் சிறையிலிருந்து பிலிப்பி நகரத்தார்க்கு வரைந்த நிருபத்தில், தெய்வ நிலையில் இருந்தவர் தாமே இறங்கிவந்து அடிமையின் நிலையையும் அடிமைக்குரிய மரணத்தையும் ஏற்றார் என்னும் கருத்தை விளக்குகின்றார். இறக்கப்பட்டவர் அல்லர்; இறங்கியவர். இவ்விரு சொற்களுக்கும் இடையேதான் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியுள்ளது.

இக்கொள்கை அக்காலத்தவர்க்கு எத்துணை நகைப்பை விளைத்தது என்பதற்கு உரோமாபுரியிலேயே ஒரு சான்று உண்டு. அங்குள்ள பாலத்தைன் குன்றில் ஒரு கட்டடத்தின் சுவரிற் கீறப்பட்ட படமொன்று 1857இல் கண்டெடுக்கப்பட்டது. கி.பி. 200ஐ ஒட்டியதெனப் பலர் கருதும் அப்படத்தில், கழுதைத் தலையுடைய ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே ஒருவன் கையுயர்த்தி வணங்குகிறான். அலெக்சாமெனோஸ் என்பவன் தன் கடவுளைத் தொழுகிறான் என்று கீழே கிரேக்கத்தில் ஏளனம் எழுதப்பட்டிருக்கிறது. வல்லமையுள்ளதே தெய்வம் என்று பழகியவர்க்குத் தோற்றவனைத் தொழுவோன் அறிவிலியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஏளனம் செய்தவரும் ஒன்றைக் கவனியாதிருக்க முடியவில்லை. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் பேரரசெங்கும் கொள்ளைநோய் பரவிற்று. அலெக்சாந்திரியா நகரத்துக் கண்காணியாரான தயோனீசியுஸ் தம் கடிதமொன்றில், கிறிஸ்தவர் பலர் நோயாளரைத் தொட்டுப் பேணி, அந்நோய் தமக்கும் தொற்ற, அவர்களுடன் மாண்டதைக் குறித்திருக்கிறார். அவர் தம்மவரைப் புகழ்பவர் என்று தள்ளுவாரும் இருக்கலாம். ஆயின் கி.பி. 361 முதல் 363 வரை ஆண்ட ஜூலியன் சக்கரவர்த்தி கிறிஸ்தவத்தை வெறுத்தவர். அவரே தம் சமயத்தலைவர் ஒருவருக்கு எழுதுகையில், அவர்கள் தம் ஏழைகளோடு நம் ஏழைகளையும் உண்பிக்கிறார்களே, நமக்கு இது வெட்கமன்றோ என்னும் பொருள்பட வருந்துகிறார். பகைவர் தரும் சான்றினும் உறுதியான சான்று வேறில்லை.

மீட்பு விலை யாருக்கு?

நிற்க. செயலில் தெளிவாயிருந்த ஒன்றை அறிஞர்கள் விளக்கப் புகுந்தபோது குழப்பம் தொடங்கிற்று. அடிமைச் சந்தை நிறைந்த அவ்வுலகில் மீட்பு என்றால் விலைகொடுத்து ஒருவனை விடுவித்தல் என்பதே பொருள். கிறிஸ்துவின் உயிர் மனிதரை மீட்கும் விலை என்றால், அவ்விலையைப் பெற்றவன் யார்? மனிதரைப் பிடித்து வைத்திருக்கும் சாத்தானே என்று மூன்றாம் நூற்றாண்டினராகிய ஒரிகேன் கருதினார். நான்காம் நூற்றாண்டினரான நீசா நகர் கிரகோரியார், தூண்டிலில் இரையைக் கண்ட மீன் முள்ளையும் விழுங்குவதுபோலச் சாத்தான் ஏமாந்தான் என்றார். அவருடைய நண்பரான நாசியான்சு கிரகோரியாரோ இவ்விளக்கத்தை அறவே மறுத்தார். கள்வனுக்கு விலை கொடுப்பது இழிவு. அன்புள்ள தந்தையும் மகன் குருதியைக் கேட்டிரார். ஆதலின் விலை பெற்றவன் எவன் என்னும் கேள்வியே பொருந்தாதது என்பது அவர் கருத்து. இக்கேள்வி பின்னர் வேறோர் இடத்தில் மிகக் கொடிய உருவில் எழுந்ததைக் கீழே காண்போம்.

இதற்கிடையில் சிலுவையின் நிலையும் மாறிற்று. கி.பி. 312இல் கான்ஸ்டன்டைன் போருக்கெழுந்தபோது கிறிஸ்துவின் பெயர்க்குறி படைவீரரின் கேடயங்களில் ஏறிற்று. அடிமையின் அடையாளம் அரசனின் அடையாளமாயிற்று. அரசனுக்கு உரியதான பின் தெய்வமும் அரசனைப்போலவே எண்ணப்படலாயிற்று.

கான்டர்பரி நகரத்துப் பேராயரான ஆன்செல்ம் 1098இல் எழுதி முடித்த நூலில் இதனைத் தெளிவாகக் காணலாம். கடவுள் ஏன் மனிதரானார் என்பதே அந்நூலின் கேள்வி. ஆண்டானுக்குக் குடிமகன் செலுத்தவேண்டிய மரியாதையை மனிதன் செலுத்தத் தவறினான், அக்கடன் அளவிறந்தது, மனிதன் செலுத்த வேண்டியது, கடவுளாலன்றிச் செலுத்த முடியாதது, ஆதலின் கடவுளும் மனிதனுமான ஒருவர் செலுத்தினார் என்பது அவர் தரும் விடை. அவர் சினங்கொண்ட தெய்வத்தைப் படைக்க நினைத்தவரல்லர். சாத்தானுக்கு விலை கொடுத்தல் என்னும் பழங்கதையை அகற்றவே முயன்றார். ஆயினும் பற்று வரவு எழுதிப் பழகிய நம்மனோர்க்கு அவருடைய விடையில் ஒரு குறை எளிதிற் புலப்படும். கணக்கு நேராகிவிட்டது, ஆனால் கணக்கில் அன்பிற்கு ஒரு பத்தி இல்லை. பேரேட்டை முடிப்பவன் கடன்பட்டவனை நேசிக்கவேண்டுவதில்லை.

அந்நூல் முடிந்த மறு ஆண்டே, 1099இல், ஆடையிற் சிலுவை தைத்துக்கொண்ட படையினர் எருசலேமைக் கைப்பற்றி அந்நகரத்து முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தனர். ஆன்செல்ம் அதற்குப் பொறுப்பாளி அல்லர். ஆயினும் தன்னைக் கொடுத்தவரின் அடையாளத்தை அணிந்து பிறரைப் பலியிட முடிந்ததென்றால், அவ்வடையாளத்தின் பொருள் எத்துணைத் தூரம் புரண்டுபோயிருந்தது என்பது வெள்ளிடை மலை.

இதற்கு மறுப்பாக எழுந்தவர் பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் பீட்டர் அபெலார்டு. குற்றமற்ற ஒருவரின் குருதியைக் கேட்டுப் பெற்று மகிழ்வது கொடுமையன்றோ, கடவுள் அத்தகையவராவரோ என்று அவர் வினவினார். சிலுவை கடவுளின் மனத்தை மாற்ற வந்ததன்று, மனிதனின் மனத்தை மாற்ற வந்தது. அவ்வளவு அன்பைக் கண்டவன் தானும் அன்பு செய்யாதிருக்க மாட்டான் என்பது அவர் துணிபு. புனித பெர்னார்து முதலியோர் அவரை எதிர்த்தனர். சபையும் அவருடைய கருத்துக்கள் சிலவற்றைக் கண்டனம் செய்தது. 1142இல் அவர் இறந்தார். பின்னர்ப் பதினாறாம் நூற்றாண்டில், சட்டம் பயின்றவரான கால்வின் சிலுவையை நீதிமன்றத்தின் மொழியில் விளக்கினார். குற்றவாளிக்குரிய தண்டனையை மற்றொருவர் ஏற்றார் என்றார். சந்தை, அரண்மனை, நீதிமன்றம் என ஒவ்வொரு காலமும் தான் அஞ்சிய அதிகாரத்தின் சாயலைத் தெய்வத்தின்மேல் ஏற்றியது என்றே நமக்குத் தோன்றுகிறது.

கத்தரிக்கப்பட்ட வேதம்

இப்பிறழ்ச்சியின் முழுப்பயனையும் காணவேண்டுமாயின் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குச் செல்லவேண்டும். 1807இல் இலண்டனில் ஒரு வேதப் புத்தகம் அச்சாயிற்று. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள நீக்ரோ அடிமைகளின் உபயோகத்திற்கெனத் தெரிந்தெடுத்த பகுதிகள் என்று அதன் முகப்பிலேயே கண்டிருக்கிறது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த மக்களை மோசே மீட்டுவந்த வரலாறு அதில் நீக்கப்பட்டுவிட்டது. வேலைக்காரர் எசமானர்க்குக் கீழ்ப்படிக என்னும் போதனையோ விடப்படவில்லை. கிறிஸ்து பொறுமையாகப் பாடுபட்டார், நீயும் பொறுமையாகப் பாடுபடு என்று சாட்டையைக் கையில் வைத்திருப்பவனின் சார்பில் உபதேசிக்கப்பட்டது. மேலே இருப்பவன் இறங்கிவந்த கதை, கீழே இருப்பவன் கீழேயே கிடக்கவேண்டும் என்பதற்கு ஆதாரமாக்கப்பட்டது. தெய்வத்தின் தியாகம் போய், ஏழையைத் துரையின் இலாபத்திற்குப் பலியிடும் பழைய பலி மீண்டும் வந்தது.

ஆனால் அன்பின் கதையை எவ்வளவு கத்தரித்தாலும் ஏழை அதன் உட்பொருளைக் கண்டுகொள்கிறான். ஜமேக்காத் தீவில் சாமுவேல் ஷார்ப் என்னும் அடிமை, பாப்டிஸ்டு சபையில் உதவிக்காரராயிருந்தவர். வேதத்தைத் தாமே படித்துணர்ந்த அவர், மனிதன் மனிதனை உடைமையாக வைத்திருப்பதற்கு அதில் இடமில்லையென்று தம் மக்களுக்குக் கூறினார். 1831ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப்பின், கூலி தந்தாலன்றி வேலைக்குப் போவதில்லை என்பது அவர் வகுத்த திட்டம். அது தீவைப்பும் கலகமுமாக முடிந்தது. கலகத்தை அடக்கியபின் தூக்கிலிடப்பட்டும் சுடப்பட்டும் மாண்ட அடிமைகள் 300க்கு மேற்பட்டோர். ஷார்ப் 1832ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டே அடிமை ஒழிப்புச் சட்டம் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் நிறைவேறிற்று.

அச்சட்டத்தின்படி 2 கோடி பவுன் நஷ்டஈடு வழங்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அவ்வளவும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கே. மீட்பு விலையைப் பெறுபவன் யார் என்று அக்கால அறிஞர்கள் தர்க்கித்த கேள்விக்கு, உலகம் தந்த விடை இது! கள்வனுக்கு விலை கொடுப்பது இழிவு என்ற நாசியான்சு கிரகோரியாரின் சொல்லை நினைவுகூரக் கடவோம்.

விடுதலை பெற்றவர்கள் விட்டுப்போன கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் உண்டு. மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் அவ்வாறே நம்மவர் ஒப்பந்தத்தில் வந்தனர். 1910இல்தான் அம்முறை இங்கே நிறுத்தப்பட்டது. ஆகவே ஜமேக்காவின் கதை நமக்கு அயலார் கதையன்று.

நாமும் என்ற சொல்

அன்பின் வரிசை நேராக நின்ற இடமொன்றை இனிக் காண்போம். ஹவாய்த் தீவுகளில் தொழுநோய் பரவியபோது, அரசாங்கம் 1865இல் சட்டமியற்றி, நோயுற்றோரை மொலக்காய்த் தீவில் மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு முனையில் கொண்டுபோய் ஒதுக்கிற்று. 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ குடியிருப்பை அறிந்த நம் நாட்டார்க்கு, அவ்வாறு பிரிக்கப்பட்ட குடும்பங்களின் துயரை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெல்ஜிய நாட்டவரான தாமியான் பாதிரியார் 1873ஆம் ஆண்டு மே மாதம் அங்கே சென்றார். முறை வைத்துச் சிலர் மாறிமாறிப் போவது என்பதே முதல் ஏற்பாடு. அவரோ அங்கேயே தங்கிவிட்டார். புண்களைக் கழுவினார், வீடுகள் கட்டினார், இறந்தோர்க்குப் பெட்டிகள் செய்தார். அவர்களுடைய கலத்திலேயே உண்டார். பின்னர் அந்நோய் அவரையும் பற்றிற்று. நோயாளராகிய நீங்கள் என்பது போய், நோயாளராகிய நாம் என்று பேசுவது அவருக்கு உண்மையாயிற்று. 1889ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15ஆம் நாள், 49ஆம் வயதில், அவர் உயிர் நீத்தார். 2009இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

தாமியானைப் புகழ்வோர் பலர் மற்றொரு கூட்டத்தாரை மறந்துவிடுகின்றனர். நோயுற்ற கணவனோடு மனைவியும், மனைவியோடு கணவனும், பிள்ளையோடு தாயுமாக, நோயற்ற ஹவாய் மக்கள் பலர் தாமே விரும்பி அம்முனைக்குச் சென்றனர். கோக்குவா என்று, அதாவது துணைவர் என்று, அவர்களை அந்நாட்டார் அழைத்தனர். அவர்களுக்குச் சிலை இல்லை. பெயர்கூடப் பலருக்கு எஞ்சவில்லை. ஆயினும் தாமியான் செய்ததும் அவர்கள் செய்ததும் ஒன்றே. கிறிஸ்தவர் கடவுளைப்பற்றிச் சொல்லுவதும் அதுவே. துன்பப்படுவோனிடம் வெளியே நின்று பரிவு காட்டுவதன்று. உள்ளே சென்று, நீங்கள் என்பதை நாம் என்றாக்குவது.

போர்க்காலத்து இரு சான்றுகள்

இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், தோற்றுக்கிடந்த ஜப்பானில் கித்தாமோரி என்னும் கிறிஸ்தவ அறிஞர் ஒரு நூல் வெளியிட்டார். கடவுளின் வேதனை என்பதே அதன் பொருள். கடவுள் துன்பந் தீண்டாதவர் என்பது கிரேக்கர் காலமுதல் வந்த கொள்கை. அன்பு செய்பவன் துன்புறாதிருப்பது எங்ஙனம் என்பது கித்தாமோரியின் கேள்வி. தம் மக்களுக்கு விளங்கும்பொருட்டு அவர் ஜப்பானிய நாடகத்தை எடுத்துக்காட்டுகின்றார். தெராகோயா என்னும் புகழ்பெற்ற நாடகக் காட்சியில், தலைவனின் மகனைக் காக்கவேண்டி ஊழியன் ஒருவன் தன் மகனையே கொலைக்குக் கொடுத்துவிட்டு, அழுகையை அடக்கி நிற்கின்றான். தன் பிள்ளையைப் பிறர்க்காக இழப்பவனின் அவ்வேதனையே தெய்வத்தின் அன்பை அறியும் வாயில் என்கிறார் அவர். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறுபாட்டையே. நாடகத்தில் ஊழியன் தலைவனுக்காகக் கொடுக்கிறான். சிலுவையிலோ தலைவன் ஊழியனுக்காக, அதிலும் தன்னைப் பகைத்தவனுக்காக, கொடுக்கிறான். முன்னது உலகெங்கும் உள்ளது. அரசர்கள் அதனைப் பாராட்டிக் கல்வெட்டும் நடுவர். பின்னதைப் பாராட்டுதல் அரசர்க்கு எளிதன்று.

அதே போர்க்காலத்தில் நம் சிங்கப்பூரில் நிகழ்ந்த ஒன்றையும் கூறவேண்டும். 1943ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், துறைமுகத்துக் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்குச் சாங்கிச் சிறையிலிருந்த வெள்ளையர் உடந்தையென்று ஐயுற்று, ஜப்பானிய இராணுவப் போலீசார் 57 பேரைக் கொண்டுபோய் வதைத்தனர். அவர்களுள் 15 பேர் மாண்டனர். பிழைத்தவருள் ஒருவர் சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் சபையின் பேராயர் லியோனார்டு வில்சன். அடித்தவர்கள், உன் கடவுள் உன்னை ஏன் காப்பாற்றவில்லை என்று அவரைக் கேட்டனராம். நோவை நீக்குவதாலன்று, நோவைத் தாங்கும் ஆற்றல் தருவதால் காப்பாற்றுகிறார் என்னும் பொருள்பட அவர் விடை கூறினாராம். தம்மை அடித்தவர்கள் ஒருகாலத்தில் சிறு குழந்தைகளாயிருந்ததை நினைத்துப் பார்த்ததாகவும், குழந்தைகளை வெறுத்தல் அரிதென்றும், 1946இல் வானொலியில் அவர் எடுத்துரைத்தார். போருக்குப்பின், தம்மை வதைத்தவருள் ஒருவனையே அவர் தம் கையால் சபையிற் சேர்த்தார்.

இதனைப் படித்துக் கண்கலங்குவோர் மற்றொன்றையும் மறத்தலாகாது. அதே ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் ஆயிரமாயிரவர் காடுகளில் மாண்டனர். அவர்கள் தங்களைக் கொடுத்தவரல்லர், பறித்துச் செல்லப்பட்டவர். அவர்களுடைய சாவைத் தியாகம் என்று அழைப்பது அவர்களை இரண்டாம் முறை கொல்வதாகும். வில்சன் மன்னித்தார் என்றால் அது அவர் தம் காயத்தை மன்னித்தது. அந்த விதவைகளும் பிள்ளைகளும் மன்னிக்கவேண்டும் என்று கட்டளையிட வேறெவர்க்கும் உரிமையில்லை.

இச்சரித்திரத்தால் நாம் அறியக் கிடப்பது யாது? தியாகம் என்பது கொடுக்கத்தக்கதேயன்றிக் கேட்கத்தக்கதன்று. கேட்ட மாத்திரத்தில் அது தியாகமாயிருத்தல் ஒழிந்து, பழைய பலியாகிவிடுகிறது. கேட்பவன் தெய்வமாயினும், அரசனாயினும், துரையாயினும், குடும்பத் தலைவனாயினும் இவ்விதி ஒன்றே. வீட்டில் மனைவியைப் பார்த்து, நீ விட்டுக்கொடு, அதுவே பெண்ணுக்கு அழகு என்பவனும், தொழிலாளியைப் பார்த்து, நீ பொறுத்துக்கொள், மறுமையில் பயனுண்டு என்பவனும் அன்பைப் பேசவில்லை, வெட்டரிவாளைத் தீட்டுகிறார்கள்.

கிறிஸ்தவ சமயத்தின் மூலக் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் அறிவுக்குரியன. ஆயினும் அதனை உரைத்துப் பார்க்கும் உரைகல் எல்லோர்க்கும் பொதுவானது. தியாகத்தை எவன் போற்றிப் பேசினாலும் அவனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்போமாக: "ஐயா, கொடுப்பவர் யார்? நீரா, நாங்களா?" அக்கேள்விக்கு நேர்முகமாக விடை சொல்லக்கூடியவன் எச்சமயத்தவனாயினும் அவனை நம்பலாம். விடை சொல்லாது விலகுபவன் கையில் சிலுவை இருந்தாலும் சூலம் இருந்தாலும், அவன் வேண்டுவது நம் கழுத்தையே.